மனநலத்துக்குப் பல வழிகள்: எது எதற்கு, எவ்வளவு, எத்தனை வாரம்?

நடை, தியானம், ஆலோசனை, மாத்திரை என்று வழிகள் நிறைய உண்டு. 'இதில் எது சிறந்தது?' என்றுதான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் சில: உங்கள் சிக்கலை நாள்தோறும் ஓட வைத்துக்கொண்டிருப்பது எது? அதன்மேல் நேராக வேலை செய்யும் முறை எது? அதை எந்த அளவில், எத்தனை வாரம் செய்ய வேண்டும்? பலருக்கு முறை பொய்க்கவில்லை. அளவு போதாமல் போயிருக்கும், அல்லது பலன் தொடங்கும் முன்பே நிறுத்தியிருப்பார்கள். அதனால் கீழே உள்ள பதில்களில் அளவுக்கும் காலத்துக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

வெறும் வருத்தமா, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வா? எப்படிப் பிரித்தறிவது?

எத்தனை நாளாக இருக்கிறது, நாளின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறதா, அன்றாட வேலையைக் கெடுக்கிறதா என்று பாருங்கள். மனம் சோர்ந்து கிடப்பது, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது ஆகிய இரண்டில் ஒன்றாவது இரண்டு வாரமாக ஏறத்தாழ தினமும் இருந்து, கூடவே தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம் ஆகியவையும் மாறியிருந்தால் 'மூட் சரியில்லை' என்று தள்ளிவிட வேண்டாம்.

அளந்து பார்க்க பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் சற்றே கடுமை, 20-ம் அதற்கு மேலும் கடுமை. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட தாள் உண்டு. அதன் மொத்தம் 21, எல்லைகள் 5, 10, 15. எதிலாவது 10-ஐத் தொட்டால் ஒரு நிபுணரைப் பார்ப்பது நல்லது.

இவை வடிகட்டிகள் மட்டுமே. நோய் இன்னதென்று முடிவுகட்டுபவை அல்ல. அண்மையில் நேர்ந்த இழப்பின் துக்கத்தையும், தைராய்டு குறைவையும், மனச்சோர்வையும் இந்த எண் பிரித்துச் சொல்லாது. ஆனாலும் இன்றே ஒருமுறை போட்டுப் பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள். மனம் சோர்ந்திருக்கும்போது ஞாபகமும் சோர்வின் பக்கமே சாயும். 'எதுவும் மாறவில்லை' என்று அது சொல்லும் வேளையில் எண் 18-லிருந்து 12-க்கு இறங்கியிருக்கும்.

ஒன்பதாவது கேள்விக்கு 0 போட முடியவில்லை. என்ன செய்வது?

செத்துவிட்டால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் இதற்கு 1 வந்தால்கூட அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எப்படி, எப்போது என்ற திட்டமும் சேர்ந்து மனத்தில் ஓடுகிறது என்றால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள், அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள்.

நெருக்கடி தணிந்திருக்கும் வேளையில் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதி வைப்பது பெரிதும் உதவும். ஒரே தாளில் ஆறு பகுதிகள். நிலைமை மோசமாகப் போகிறது என்று காட்டும் அறிகுறிகள், தனியாகச் செய்து மனத்தைத் திருப்பக்கூடியவை, கவனத்தை மாற்ற உதவும் ஆட்களும் இடங்களும், வெளிப்படையாக உதவி கேட்கக்கூடியவர்கள், நிபுணர்களின் எண்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்தான பொருள்களை அகற்றும் வழி. கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தீவிர உந்துதல் பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிக்கும். அந்த நேரத்தில் மாத்திரைக் குவியலோ பூச்சிமருந்தோ எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு வாரத்துக்கான மாத்திரை மட்டும் கையில், மீதி வேறொருவர் பொறுப்பில் என்ற ஏற்பாடு எளிது, பலன் அதிகம்.

நெருங்கியவரைப் பற்றிய கவலை என்றால் சுற்றி வளைக்காமல் 'தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?' என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஒளித்து வைத்திருந்ததைச் சொல்ல ஒரு வழி கிடைத்தது என்றுதான் பலரும் உணர்கிறார்கள்.

மனச்சிக்கலுக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

சோர்வு, படபடப்பு, தூக்கக்கேடு எல்லாவற்றுக்கும் உடலிலும் காரணம் இருக்கலாம். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வைப் போலவும், கூடினால் பதற்றத்தைப் போலவும் தோன்றும். ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஆகியவையும் அப்படியே. தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்., முழு ரத்த எண்ணிக்கை, பி12, சர்க்கரை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பலத்த குறட்டையும் பகலில் தூங்கி விழுவதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயையும் சோதிக்க வேண்டும். அது இருக்கும்வரை எந்த ஆலோசனையும் பாதிப் பலன்தான் தரும். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் மனநிலையைப் புரட்டும் என்பதால், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள்.

எந்தச் சிக்கலுக்கு எந்த வழியில் தொடங்குவது?

எதையும் செய்யாமல் முடங்கிக் கிடப்பது முதன்மையாக இருந்தால், செயலைத் திட்டமிடும் முறை. தன்னைத்தானே இடைவிடாமல் குறை சொல்லும் எண்ணங்கள் ஓடினால், எண்ணங்களைச் சோதிக்கும் சி.பி.டி. எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு பயந்து ஒதுங்கினால், படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி. இழப்பு, பிரிவு, உறவுச் சண்டை, வாழ்க்கையில் பெரிய மாற்றம் ஆகியவற்றையொட்டி வந்த சோர்வுக்கு, உறவுகளை மையமாகக் கொண்ட ஐ.பி.டி. சிகிச்சை, வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். விபத்து, வன்முறைக்குப் பின் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்து தாக்கினால், அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே உள்ள சி.பி.டி. அல்லது கண் அசைவுகளைத் துணையாகக் கொண்டு அந்த நினைவுகளைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். சம்பவம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரிக்கச் சொல்லிக் கொட்ட வைப்பது பயன் தரவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது. முதல் நாள்களில் பாதுகாப்பு, ஓய்வு, துணை போதும்.

பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, சில நாள்களாகத் தூக்கமே தேவைப்படாத அளவு பொங்கும் உற்சாகமும் கண்மண் தெரியாத செலவும் ஆகியவை இருந்தால் சுயஉதவி எதிலும் நேரத்தைப் போக்க வேண்டாம். நேராக மனநல மருத்துவர்.

எதையும் செய்ய மனமே வரவில்லை. மனம் வந்தால்தானே செய்ய முடியும்?

மனச்சோர்வில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. செயல் குறைய, மகிழ்ச்சியும் 'முடித்தேன்' என்ற நிறைவும் வரும் வாய்ப்புகள் குறைகின்றன. அவை குறைய மனம் இன்னும் சோர்கிறது, செயல் இன்னும் குறைகிறது. மனம் வருவதற்காகக் காத்திருப்பது இந்தச் சுழலுக்குத் தீனி போடும். ஆகவே முதலில் செயல், நாட்டம் பிறகு.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தில் 0 முதல் 10-க்குள் இரண்டு எண்கள்: எவ்வளவு இனிமை, எவ்வளவு நிறைவு. வார முடிவில் பார்த்தால், எந்த வேலையில் எண் ஏறுகிறது, எந்த நேரத்தில் தரைமட்டமாகக் கிடக்கிறது என்று தெரியும். போனைத் தள்ளிக்கொண்டே படுத்திருந்த மணிநேரங்களுக்கு 1, 2 என்று விழுந்திருப்பதைப் பலரும் அப்போதுதான் கவனிக்கிறார்கள்.

இரண்டாவது வாரம், நாளுக்கு இரண்டு செயல்கள் மட்டும் சேருங்கள். ஒன்று இனிமைக்கு, ஒன்று நிறைவுக்கு. 'உடற்பயிற்சி செய்ய வேண்டும்' என்று எழுதினால் நடக்காது. 'காலை 7 மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவது' என்று எழுதினால் நடக்கும். நாள், நேரம், இடம், எவ்வளவு நிமிடம் ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். மிக மோசமான நாளிலும் செய்துவிடக்கூடிய அளவே சரியான தொடக்க அளவு. மூன்றாவது வாரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தள்ளிப்போட்டு வைத்திருக்கும் ஒரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்துத் திட்டத்தில் சேருங்கள்.

எங்கே கெடுகிறது? முதல் தவறு, நல்ல நாள் ஒன்றில் பத்து வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது. திட்டத்தில் உள்ளதை மட்டும் செய்யுங்கள், குறைவாகவும் வேண்டாம், கூடுதலாகவும் வேண்டாம். இரண்டாவது, 'செய்தேன், ஆனால் முன்பு போல் மகிழ்ச்சி வரவில்லை' என்று கைவிடுவது. தொடக்க வாரங்களில் எண் 1-லிருந்து 3-க்குப் போனாலே அது நல்ல நகர்வு.

எண்ணப் பதிவு என்கிறார்களே, அது வெறும் 'பாசிட்டிவ் திங்கிங்'தானே?

இல்லை. கெட்டதை நல்லதாக நினைத்துக்கொள்ளச் சொல்வது நெடுநாள் நிற்காது, மனம் அதை நம்பாது. இங்கே செய்வது சோதனை. ஒரு தாளில் ஆறு பத்திகள் போடுங்கள்: நடந்தது என்ன, என்ன உணர்ச்சி (100-க்கு எவ்வளவு என்பதோடு), அப்போது மனத்தில் ஓடிய வாக்கியம், அதற்கு ஆதரவான சான்று, எதிரான சான்று, இரண்டையும் எடைபோட்ட பின் வரும் வாக்கியமும் உணர்ச்சியின் புதிய அளவும்.

எடுத்துக்காட்டு: தோழிக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. சோகம் 80. ஓடிய வாக்கியம், 'அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை.' ஆதரவு: செய்தியைப் பார்த்திருக்கிறாள், பதில் போடவில்லை. எதிர்: சென்ற வாரம் அவளே அழைத்தாள், வேலை நாளில் எப்போதும் தாமதமாகத்தான் பதில் வரும். எடைபோட்ட வாக்கியம்: 'பதில் வரவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மாலையில் ஒருமுறை அழைத்துப் பார்க்கிறேன்.' சோகம் 45. பூஜ்யத்துக்குப் போக வேண்டியதில்லை. இறங்கினால் போதும்.

அடிக்கடி நடக்கும் பிழை, மூன்றாவது பத்தியில் கேள்வியை எழுதுவது. 'ஏன் எனக்கு மட்டும் இப்படி?' என்பதைச் சோதிக்க முடியாது. அதன் அடியில் கிடக்கும் கூற்றை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பது போல, வெளியே இழுத்து எழுத வேண்டும். இன்னொன்று, எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே செய்து பார்ப்பது. எழுதாமல் செய்தால் அது பழைய புலம்பலாகவே மாறிவிடும். வாரத்துக்கு மூன்று நான்கு பதிவு, ஒவ்வொன்றுக்கும் 10 அல்லது 15 நிமிடம் போதும்.

பயத்தை எதிர்கொள் என்கிறார்கள். போய்ப் பார்த்தேன், இன்னும் மோசமானது.

உச்சியில் குதித்திருப்பீர்கள், அல்லது பாதியில் ஓடி வந்திருப்பீர்கள். இரண்டுமே பயத்தை வளர்க்கும். ஓடி வந்தவுடன் கிடைக்கும் நிம்மதி, 'தப்பித்ததால்தான் பிழைத்தாய்' என்று மூளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

முறை இது. பயப்படும் சூழல்களை எட்டோ பத்தோ எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய அளவு கொடுங்கள். லிஃப்ட் பயம் என்றால்: லிஃப்டின் முன் நிற்பது 25, கதவு திறந்தபடி உள்ளே நிற்பது 40, துணையோடு ஒரு மாடி 50, தனியாக ஒரு மாடி 65, தனியாகப் பத்து மாடி 85. 30-க்கும் 40-க்கும் இடையில் உள்ளதில் தொடங்குங்கள். போகும் முன் 'என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். சூழலில் பயம் ஏறக்குறைய பாதியாகும்வரை, அல்லது நீங்கள் எதிர்பார்த்த விபரீதம் நடக்கவில்லை என்று தெளிவாகும்வரை இருங்கள். சில நேரம் 30 நிமிடம், சில நேரம் ஒரு மணி நேரம் ஆகும். திரும்பி வந்து 'என்ன நடந்தது' என்று எழுதுங்கள். ஒரே படியை வாரத்தில் நான்கைந்து முறை செய்து, அது சலிப்பூட்டத் தொடங்கியதும் அடுத்த படிக்குப் போகலாம்.

சத்தமில்லாமல் பலனைத் தின்பவை 'பாதுகாப்பு'ச் செயல்கள். சட்டைப்பையில் மாத்திரையைத் தொட்டுக்கொண்டே இருப்பது, கண்ணை மூடிக்கொள்வது, போனில் யாரையாவது இணைப்பிலேயே வைத்திருப்பது போன்றவை. இவை இருக்கும்வரை பயணத்தை முடித்த பெருமை மாத்திரைக்குப் போய்விடும், உங்களுக்கு வராது. மேல் படிகளுக்குப் போகும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அதிர்ச்சி நினைவுகளையும், வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி.யையும் இதுபோல் வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். அவற்றுக்குப் பயிற்சி பெற்றவர் துணை வேண்டும்.

திடீரென்று இதயம் படபடத்து, மூச்சு முட்டி, சாகப்போகிறோம் என்று தோன்றுகிறது.

முதல்முறை என்றால், குறிப்பாக நெஞ்சுவலி இருந்தால், இதயத்தைச் சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது சரியாக இருந்து இப்படி வருவது பீதித் தாக்குதலாக இருக்கலாம். அது வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கும். அப்போது பலர் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சை இழுக்கிறார்கள். அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் கூடுகின்றன. 'ஆழமாக மூச்சு விடு' என்ற பொது அறிவுரை இங்கே தவறாகப் போவது இதனால்தான். தேவை மெதுவான மூச்சு. மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மென்மையாக இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் ஆறு மூச்சு. ஐந்து நிமிடம். அமைதியான வேளையில் தினமும் இருமுறை பழகாமல் நெருக்கடியில் மட்டும் முயன்றால் கைகொடுக்காது.

தூக்கம் வராமல் புரள்கிறேன். சீக்கிரமே படுக்கப் போனால் சரியாகுமா?

பெரும்பாலும் கெடும். நீண்டகாலத் தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது மாத்திரை அல்ல. தூக்கத்துக்கென்றே அமைந்த சி.பி.டி. அதன் இரண்டு தூண்களில் ஒன்று படுக்கை நேரத்தைச் சுருக்குவது, மற்றொன்று படுக்கைக்கும் விழிப்புக்கும் இடையே ஏற்பட்டுவிட்ட பழக்கத்தை அறுப்பது.

ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். இரவு 9:30-லிருந்து காலை 6 மணி வரை எட்டரை மணி நேரம் படுக்கையில் இருந்து, தூங்கியது சராசரி ஐந்தரை மணி என்றால் தூக்கத் திறன் ஏறத்தாழ 65 சதவீதம். இப்போது படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஐந்தரை மணியாகக் குறையுங்கள். எழுவது 6 மணி, மாறாது. படுப்பது 12:30. அதற்கு முன் கண் செருகினாலும் படுக்கக் கூடாது, விடுமுறையிலும் 6 மணிக்கு எழ வேண்டும். ஒரு வாரச் சராசரித் திறன் 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டு வரலாம். இப்படி வாரந்தோறும். உண்மையில் குறைவாகத் தூங்கினாலும் படுக்கை நேரத்தை ஐந்தரை மணிக்குக் கீழே கொண்டு போக வேண்டாம்.

கூடவே, படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சுவாரசியம் குறைந்த ஏதாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது மட்டும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்த்து அளக்க வேண்டாம், உத்தேசம் போதும். கடிகாரம் கண்ணில் படாதபடி திருப்பி வைத்துவிடுங்கள்.

முதல் பத்துப் பதினைந்து நாள் பகலில் முன்பைவிடக் களைப்பாக இருக்கும். இதைத் தெரிவிக்காமல் தொடங்கினால் பலரும் அந்தக் கட்டத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது), வலிப்பு, தூக்கத்தில் நடக்கும் வழக்கம் உள்ளவர்களும், கனரக வண்டி ஓட்டுபவர்களும் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நேரத்தைச் சுருக்கக் கூடாது. தூக்கக் குறைவு அவர்களுக்கு நேரடி ஆபத்து.

உடற்பயிற்சி எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பொது அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது. வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம் வரை, குறைந்தது எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் லேசான, நடுத்தர மனச்சோர்வில் மாற்றம் தெரியத் தொடங்கும். எடை தூக்கும் பயிற்சியும் உதவும், ஓட்டம்தான் வேண்டும் என்பதில்லை. எந்த வகை என்பதைவிட எட்டாவது வாரத்திலும் செய்துகொண்டிருப்பீர்களா என்பதே கேள்வி. ஆகவே பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். கடுமையான மனச்சோர்வில் இதை மட்டும் நம்பி மற்றதை ஒத்திப்போட வேண்டாம்.

தியானம் எல்லோருக்கும் நல்லதுதானே?

பலருக்கு நல்லது, எல்லோருக்கும் அல்ல. இன்று மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் வடிவம் 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலிருந்து வந்தது. வாரம் ஒரு நீண்ட வகுப்பு, வீட்டில் தினமும் சுமார் 45 நிமிடம். அதன்மீது சி.பி.டி.யைச் சேர்த்து உருவான முறை, மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வந்தவர்களுக்கு அது திரும்புவதைக் குறைப்பதில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. எப்போதாவது செயலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

'எண்ணமே வரக் கூடாது' என்று மல்லுக்கட்டுவதுதான் தொடக்கத் தவறு. கவனம் நழுவியதைக் கண்டு திரும்பக் கொண்டு வருவதே பயிற்சி. அது நூறு முறை நழுவினால் நூறு முறை பயிற்சி நடந்தது என்று பொருள். அதிர்ச்சி அனுபவம் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி உடலைக் கவனிக்கும்போது பழைய காட்சிகள் பாய்ந்து வரலாம். கண்ணைத் திறந்து, ஒலிகளையோ பாதம் தரையில் படுவதையோ கவனியுங்கள், நேரத்தைக் குறையுங்கள். அப்படியும் மோசமானால் நிறுத்துங்கள். உளப்பிறழ்வு (இல்லாத குரல்கள் கேட்பது, அசையாத தவறான நம்பிக்கை போன்றவை) வந்தவர்கள் பல நாள் மௌன முகாம்களைத் தவிர்ப்பது நல்லது.

நாள் முழுவதும் கவலை ஓடிக்கொண்டே இருக்கிறதே?

தினமும் ஒரே நேரத்தில், படுக்கைக்குச் சில மணி நேரம் முன்பாக, 20 நிமிடம் ஒதுக்குங்கள். மற்ற வேளையில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். அந்த 20 நிமிடத்தில் குறிப்பை எடுத்து, ஒவ்வொன்றையும் 'நான் ஏதாவது செய்ய முடியும்', 'முடியாது' என்று பிரியுங்கள். முதல் வகைக்கு அடுத்த அடியை எழுதுங்கள். கடன், வேலை, வீட்டுச் சண்டை போன்ற நிஜச் சிக்கல்களுக்கு இதுவே விரியும்: சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுவது, மனத்தில் தோன்றும் தீர்வுகளையெல்லாம் தரம் பார்க்காமல் பட்டியலிடுவது, சாதக பாதகம் பார்த்து ஒன்றைத் தேர்வது, ஒரு வாரம் செய்து பார்ப்பது, பலனைச் சரிபார்ப்பது. வாடகை கட்ட முடியாமல் தவிப்பவருக்கு மூச்சுப் பயிற்சியை மட்டும் கொடுத்து அனுப்புவதில் பொருள் இல்லை.

மனச்சோர்வு மாத்திரை எடுத்தால் அடிமையாகிவிடுவோமா?

எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள், அதாவது செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளுவாக்சடின் போன்றவை, போதை தருவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். ஆகவே மருத்துவரோடு பேசி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். நிறுத்திய சில நாளிலேயே தொடங்கும் இந்த உடல் உணர்வுகள் விலகல் அறிகுறிகள். பல வாரம் கழித்து மெதுவாகக் கூடும் சோர்வு, நோய் திரும்புவதாக இருக்கலாம்.

பலர் கைவிடுவது முதல் பத்து நாளில். குமட்டல், தலைவலி, கூடுதல் படபடப்பு முதலில் வந்துவிடும், பலன் பின்னால்தான் வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தொடங்கி, முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்வரை ஆகும். அதுவரை தினமும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். நான்கு வாரமாகச் சரியான அளவில் எடுத்தும் எள்ளளவும் மாற்றம் இல்லையென்றால் அளவையோ மருந்தையோ மாற்றுவது பற்றிக் கேளுங்கள். பாலுறவில் நாட்டக் குறைவு, உச்சம் தாமதமாவது ஆகியவை பரவலான பக்கவிளைவுகள். கூச்சத்தில் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. சொன்னால் அதற்கும் மாற்று உண்டு.

25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும், அதனால் அடிக்கடி மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பு எப்போதாவது அளவுமீறிய உற்சாகக் காலம் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இருமுனைக் கோளாறில் இந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனநிலை மறுபக்கம் எகிறலாம். சரியானதும் உடனே நிறுத்தாமல் குறைந்தது ஆறு மாதம் தொடர்வது வழக்கம். முன்பே பலமுறை வந்தவர்களுக்கு இன்னும் நீளும்.

உடனே அமைதி தரும் பென்சோடயசெபைன் வகை வேறு கதை. அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம் இந்த வகை. இவற்றுக்கு உடல் பழகிவிடும், சார்பு வரும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டியவை. மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. மாதக்கணக்கில் எடுத்து வந்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூலிகை மருந்து பாதுகாப்பானதுதானே? மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை லேசான மனச்சோர்வில் வேலை செய்கிறது, வேலை செய்வதாலேயே ஆபத்தும் இருக்கிறது. எஸ்.எஸ்.ஆர்.ஐ.யோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுமீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். கருத்தடை மாத்திரையின் பலனையும், ரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகளின் பலனையும் அது குறைத்துவிடும்.

காபியும் மதுவும்?

காபியில் உள்ள கஃபீனில் பாதி, குடித்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். பதற்றமும் தூக்கக்கேடும் உள்ளவர்கள் மதியத்துக்குப் பின் நிறுத்திப் பாருங்கள். ஒரேயடியாக விட்டால் தலைவலி வரும், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், மறுநாள் பதற்றத்தைக் கூட்டும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவ உதவியோடு செய்ய வேண்டும்.

யாரிடம் போவது? நல்ல தெரபிஸ்ட் என்று எப்படித் தெரியும்?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மதிப்பீடும் பேச்சுச் சிகிச்சையும் செய்வார். 'ஆலோசகர்' என்ற பெயரைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆகவே என்ன படிப்பு, எங்கே பதிவு, யார் மேற்பார்வை என்று கேட்பதில் தவறில்லை. முதல் சந்திப்பில் இவற்றையும் கேளுங்கள்: என் சிக்கலுக்கு என்ன முறையைப் பயன்படுத்தப் போகிறீர்கள்? சுமார் எத்தனை அமர்வு? முன்னேற்றத்தை எப்படி அளப்போம்? நான் சொல்வதை எந்தச் சூழலில் வெளியே சொல்ல வேண்டி வரும்?

வாரம் ஒருமுறை, 45 முதல் 60 நிமிடம் என்பது வழக்கம். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் இலக்கு என்னவென்றே தெரியாமல் வெறும் உரையாடலாகப் போனால் நேரடியாகக் கேளுங்கள். சிகிச்சையாளரோடு பொருந்திப்போவது பலனில் பெரிய பங்கு வகிக்கிறது, பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்வது குற்றமல்ல. மதத்தையோ சாதியையோ பாலினத்தையோ வைத்து உங்களைத் திருத்தப் பார்ப்பவர், முழுக் குணத்துக்கு உத்தரவாதம் தருபவர், மருந்தை உடனே நிறுத்தச் சொல்லும் மருத்துவர் அல்லாதவர் ஆகியோரிடமிருந்து விலகுங்கள்.

வீட்டில் ஒருவர் உதவி பெறவே மறுக்கிறார்.

'உனக்கு மனநோய்' என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். அவருக்கே தொல்லையாக இருப்பதைப் பிடியுங்கள்: 'மூன்று வாரமாகத் தூங்கவில்லையே, அதற்கு மட்டும் ஒரு டாக்டரைப் பார்ப்போமா?' சந்திப்பு நேரத்தை நீங்கள் வாங்கி, கூடவே போங்கள். சோர்ந்திருப்பவருக்குப் போன் போட்டு நேரம் வாங்குவதே மலையைப் புரட்டுவது போல. ஒருமுறை மறுத்தால் வாதாடாமல் சில நாள் கழித்து மீண்டும் பேசுங்கள். அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

குணமானபின் திரும்ப வருமா?

வரலாம். ஏற்கெனவே எத்தனை முறை வந்ததோ அதற்கேற்ப வாய்ப்பும் கூடும். நன்றாக இருக்கும்போதே ஒரு பக்கம் எழுதுங்கள். சென்ற முறை முதலில் மாறியது எது? சிலருக்கு அழைப்புகளை எடுக்காமல் விடுவது, சிலருக்கு அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, சிலருக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடுவது. இவற்றில் இரண்டு, ஒரு வாரம் தொடர்ந்தால் செய்ய வேண்டியதைக் கீழே எழுதுங்கள்: பி.எச்.க்யூ-9 போடுவது, செயல் திட்டத்தை மீண்டும் தொடங்குவது, யாரை அழைப்பது, எண் 10-ஐத் தொட்டால் எந்த மருத்துவர். ஒரு பிரதியை நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். முதல் மாற்றம் பெரும்பாலும் உங்களுக்கு முன்பே அவர் கண்ணில் பட்டுவிடும்.